வெளியே சுற்றும் நாளில் சன்ஸ்கிரீனை மறுபடி எப்படிப் பூசுகிறீர்கள்?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். வெயிலும் புழுக்கமும் குறையாத ஊரில் இருக்கிறோம். விடுமுறையில் பூங்கா, கடற்கரை, அப்புறம் வெளியிலேயே சாப்பாடு என்று சுற்றுவது எனக்கும் தங்கைக்கும் ரொம்பப் பிடிக்கும். சிக்கல் சாப்பிட உட்காரும்போதுதான். நெற்றி வியர்வையை டிஷ்யூவால் ஒற்றினால் காலையில் பூசிய சன்ஸ்கிரீன் பாதி அதிலேயே வந்துவிடுகிறது. மீதி கண்ணுக்குள் இறங்கி எரிகிறது.

எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீன், தோலைச் சுட்டெரிக்கும் யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், மேகமூட்டத்திலும் விடக்கூடாது, எல்லாம் சரி. ஆனால் வியர்த்து, தூசி படிந்த முகத்தில் எப்படிப் பூசுவது? கழுவிவிட்டா, ஈரத்துணியால் துடைத்துவிட்டா? ஸ்டிக் வகை கண்ணருகே எரியாமல் இருக்கிறதா?

தங்கைக்குக் கன்னத்தில் மங்கு இருக்கிறது. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் மங்குக்கு நல்லது. மாநிற முகத்தில் சாம்பல் பூத்தது போல் தெரியாத வகையைப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். வெயிலுக்குப் பயந்து அவள் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.