காளி கண்டகியில் தண்ணீர் பிடித்த அனுபவம்

முக்திநாத் யாத்திரை போகும் நம்மூர்க்காரர்கள் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றங்கரையில் சாளக்கிராமம் தேடுவார்கள். நான் அங்கே போனது குப்பிகளில் தண்ணீர் பிடிக்க. மலையின் உயரத்தைத் தண்ணீரே சொல்லும்.

மேகம் மலையேறும்போது ஆக்சிஜன்-18 என்ற கனமான வகை ஆக்சிஜன் உள்ள நீர் முந்திக்கொண்டு மழையாக இறங்கிவிடும். மேலே போகப் போக மழையில் அதன் பங்கு குறையும். இந்தப் பள்ளத்தாக்கில் 1000 மீட்டர் ஏறினால் அந்தப் பங்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3 குறைகிறது என்று ஆய்வாளர் கார்மலா கார்ஸியோன் குழு 2000-இல் காட்டியது.

பெரிய ஆற்றில் பிடித்துப் பயனில்லை. மேலேயிருந்து வரும் எல்லாத் தண்ணீரும் அதில் கலந்திருக்கும். பக்கத்திலிருந்து வந்து சேரும் ஓடைகள்தான் வேண்டும். அதிலும் நாம் நிற்கும் இடத்தின் உயரம் கணக்கில்லை, அந்த ஓடைக்கு நீர் தரும் சரிவு முழுவதன் சராசரி உயரம்தான் கணக்கு. குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடுவோம். உள்ளே காற்று இருந்து, மூடியும் சரியாக இறுகாவிட்டால், லேசான நீர் முதலில் ஆவியாகிப் போய்விடும். இந்தப் பள்ளத்தாக்கிலுள்ள ஜோம்சோம் ஊரில் மதியத்துக்கு மேல் காற்று ஆளையே தள்ளும், அதனால் காலையிலேயே வேலையை முடித்துக்கொள்வோம்.

என்னை அசத்தியது இதே ஆற்றின் மேற்பகுதியான தக்கோலாவில் பார்த்த சுண்ணாம்புக்கல். பழைய ஏரிகளின் அடியில் படிந்தது. அன்றைய நீரின் ஆக்சிஜன் அடையாளம் அதில் தங்கியிருக்கிறது. இன்றைய ஓடைகளில் கிடைத்த கணக்கை அதற்குப் பொருத்தினால், சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தெற்குத் திபெத் ஏறத்தாழ இப்போதைய உயரத்தில் இருந்தது என்று வருகிறது. சாளக்கிராமத்திலுள்ள அம்மோனைட் என்ற பழைய கடலுயிரின் சுருள் இங்கே கடல் இருந்ததைச் சொல்லும். நிலம் எப்போது எவ்வளவு உயர்ந்தது என்பதை இந்தச் சுண்ணாம்புக்கல்லிடம்தான் கேட்க வேண்டும்.

பதில்:
அண்ணா, நான் ஆய்வகத்தில் இருப்பவள். ஆக்சிஜனோடு டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனையும் சேர்த்தே அளப்போம். மழைநீர் என்றால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் உட்காரும். விஞ்ஞானி ஹார்மன் கிரெய்க் 1961-இல் வரைந்த கோடு அது. ஆவியான நீர் கோட்டைவிட்டு விலகி நிற்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆனால் சுண்ணாம்புக்கல்லில் டியூட்டீரியம் பார்க்க வழியில்லையே, அந்த ஏரி வெயிலில் வற்றியிருந்தால் என்ன செய்வீர்கள்?

பதில்:
சரியான கேள்வி, தங்கச்சி. வற்றிய ஏரியில் ஆக்சிஜன்-18 கூடிவிடும், மலை உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு அடுக்கிலும் மிகக் குறைந்த மதிப்பைத்தான் நம்புவோம். அதிலும் கிடைக்கும் உயரத்தைக் குறைந்தபட்சம் என்றே எழுதுவோம்.