முதல் பெண் மந்திரி ஜோதி வெங்கடாசலமா? அப்போ 1946 எங்க போச்சு?

உப்புக்கல்:
நேத்து இங்க ஒருத்தர் ஜோதி வெங்கடாசலம் பத்தி எழுதியிருந்தார். எம்எல்ஏ, மந்திரி, கேரளா கவர்னர், எல்லாம் சரி. ஆனா தலைப்புலயே கொட்டை எழுத்துல "தமிழ்நாட்டின் முதல் பெண் அமைச்சர்"னு போட்டிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. ருக்மிணி லட்சுமிபதி 1946 மே மாசமே, மெட்ராஸ் மாகாணத்துல பிரகாசம் முதல்வரா இருந்த மந்திரிசபையில சுகாதார மந்திரி. ஜோதி வெங்கடாசலம் 1953. எது முன்னாடி வரும்னு ஒண்ணாங்கிளாஸ் பையன கேளுங்க, சொல்லுவான்.

ஸ்ரீரங்கம்_வாசி:
எழுதினது நான்தான், பேர சொல்லியே திட்டலாம். 1946ல இருந்தது வெள்ளக்காரன் காலத்து மாகாணம் சார். சுதந்திரத்துக்கு அப்புறம் இங்க மந்திரியான முதல் பொம்பள ஜோதி அம்மாதான். 1953ல ஆந்திரா பிரிஞ்ச கையோட ராஜாஜி மந்திரிசபையில மதுவிலக்கு, பெண்கள் நலம். 62ல எழும்பூர்ல ஜெயிச்சு காமராஜர்கிட்ட சுகாதாரம், 71ல எங்க ஊர் எம்எல்ஏ, 77ல கேரளாவோட முதல் பெண் கவர்னர், அதுவும் முழுசா அஞ்சு வருஷம். இவ்ளோ எழுதினேன், நீங்க ஒரே ஒரு வார்த்தைய புடிச்சு தொங்குறீங்க.

உப்புக்கல்:
அந்த ஒரு வார்த்தைதான் தப்பு, அதனால அதத்தான் புடிப்பேன். தமிழ்நாடுன்னு பேர் வந்ததே 1969 ஜனவரி 14. 53லயும் மெட்ராஸ்தான். மெட்ராஸ் மாகாணம் கணக்குல வராதுன்னா மெட்ராஸ் ஸ்டேட் மட்டும் எப்படி வரும்? 1946 சார், 1946.

குளச்சல்_அலை:
ரெண்டு பேருமே எங்க லூர்தம்மாள் சைமன மறந்தாச்சு. எங்க கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1. அடுத்த வருஷமே குளச்சல்ல ஜெயிச்சு காமராஜர் மந்திரிசபையில உள்ளாட்சி மந்திரி. இப்ப இருக்குற மாநிலம்னு பாத்தா அவங்கதான் முதல்.

ஸ்ரீரங்கம்_வாசி:
ஆந்திராவுல இருந்து திருத்தணி சேர்ந்தது 1960ல. அப்போ அதுக்கும் தனியா ஒரு முதல் மந்திரிய தேடுவோமா?

குளச்சல்_அலை:
தெக்க இருந்து யாராவது பேசினா மட்டும் உங்களுக்கு நக்கல் வந்துரும். தாரா செரியன் மெட்ராஸ் மேயரான விஷயத்துலயும் இப்படித்தான் பேசுனீங்க, நான் மறக்கல.

உப்புக்கல்:
அது வேற சண்ட, அத அங்கயே வெச்சுக்கோங்க. ருக்மிணி லட்சுமிபதி 1930ல வேதாரண்யத்துல உப்பு அள்ளி ஜெயிலுக்குப் போன பொம்பள, 37ல சட்டசபை துணை சபாநாயகர், 46ல மந்திரி. மாகாணம் இருந்த வரைக்கும் மந்திரியான ஒரே பொம்பள அவங்கதான். 1951லயே போய்ட்டாங்க, அதனால எடுத்துப் பேச ஆளில்லன்னு நெனச்சு ஆளாளுக்கு முதல் முதல்னு எழுதுறீங்க. வெள்ளக்காரன் காலம்னு ஒதுக்குறீங்களே, அந்த வெள்ளக்காரன எதுத்து ஜெயிலுக்குப் போனவங்க அவங்க!

நூலகப்பூச்சி:
"சுதந்திர இந்தியாவில்"னு ஒரு வார்த்தை சேத்துட்டா முடிஞ்சுது. ஏன் இவ்ளோ கோவம்?

உப்புக்கல்:
அத அவர சேக்கச் சொல்லுங்க.

ஸ்ரீரங்கம்_வாசி:
எதுக்கு சேக்கணும்? படிக்கிறவங்களுக்குப் புரியும். பிரகாசம் மந்திரிசபை ஒரு வருஷம்கூட முழுசா ஓடல, 47 மார்ச்சுல ஓமந்தூரார் முதல்வரா வந்தாச்சு. எங்க ஜோதி அம்மா தொட்டது மாநிலம், ராஜ்பவன் ரெண்டும்.

உப்புக்கல்:
ராஜாஜி மந்திரிசபையில உங்க ஜோதி அம்மா இருந்தது ஆறு மாசம். மாசத்த எண்ண ஆரம்பிச்சா உங்களுக்குத்தான் நஷ்டம். நான் கேக்குறது வருஷம்.

நூலகப்பூச்சி:
எழும்பூர் மார்ஷல்ஸ் ரோடுக்கு ருக்மிணி லட்சுமிபதி சாலைன்னு பேர் வெச்சிருக்காங்களே, மறந்துட்டாங்கன்னு எப்படி சொல்றீங்க?

உப்புக்கல்:
ஆட்டோக்காரர்கிட்ட அந்தப் பேர சொல்லிப் பாருங்க, முழிப்பார். மார்ஷல்ஸ் ரோடுன்னாதான் வண்டி நகரும். நான் தினம் போற ரோடு, எனக்குத் தெரியாதா?

குளச்சல்_அலை:
எங்க லூர்தம்மாள் பத்தி கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.

ஸ்ரீரங்கம்_வாசி:
தலைப்ப மாத்த மாட்டேன். ஜோதி அம்மாதான் முதல்.

உப்புக்கல்:
1946.