மேரி ஆனிங் கல்லறைல கூட யாரெல்லாம் இருக்காங்க? பாம்பன்லேர்ந்து கல்லு குடுத்தனுப்பலாமா?

பாம்பன்காரி:
எங்க அண்ணன் மக இங்கிலாந்துல படிக்கிறா, லீவுக்கு வந்துட்டு அடுத்த வாரம் திரும்புறா, போனதும் லைம் ரெஜிஸ் போறாளாம், மேரி ஆனிங் புதைபடிவம் தேடித் தேடி எடுத்த ஊரு. அங்க குடும்பத்துக்கே சேத்து ஒரே கல்லறைன்னு கேள்விப்பட்டேன், யார் யாரு? போறவங்க சிப்பி, கல்லுன்னு வச்சுட்டு வருவாங்களாமே, நம்ம கரைல கெடந்த பவளக்கல்லு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். எங்க அப்பத்தாவோட ரெண்டு பிள்ளைங்க தனுஷ்கோடில தான் அடக்கம், 64 புயலுக்கப்புறம் எடமே தெரியல, அதனாலயோ என்னமோ கல்லறைன்னாலே எனக்கு மனசு அங்கயே நின்னுரும்.

கடலோடி மகன்:
நான் போயிருக்கேன்க்கா. செயின்ட் மைக்கேல் சர்ச், கடலுக்கு மேல மேட்டுல இருக்கு. கல்லுல மொதப் பேரு அண்ணன் ஜோசப், 1849ல எறந்தவரு. அடுத்து கைக்குழந்தையாவே போன அவரோட மூணு பிள்ளைங்க, பேரு கூட போடல. கடைசியில தான் மேரி, அதுவும் அவங்க ரெண்டு வருஷம் முன்னாடியே, 1847ல, மார்புப் புத்துநோய்ல 47 வயசுல போய்ட்டாங்க. எனக்கு அது ஆறல. ஆனா அண்ணனையும் சும்மா சொல்லக்கூடாது, 1811ல இக்தியோசர்ங்கிற பழங்காலக் கடல் பிராணியோட மண்டையோட்ட மொதல்ல பாத்தது அவரு தான், மீதி ஒடம்ப அடுத்த வருஷம் தேடிக் கண்டுபிடிச்சது மேரி, அப்ப பன்னெண்டு பதிமூணு வயசு தான். சர்ச்சுக்குள்ளயும் போகச் சொல்லுங்க, மேரி நினைவா 1850ல வச்ச கலர் கண்ணாடி ஜன்னல் இருக்கு, பாறை, புதைபடிவம்லாம் ஆராயுற நிலவியல் சங்கத்துக்காரங்க காசு போட்டது. உசுரோட இருந்தவரைக்கும் பொம்பளைன்னு அந்தச் சங்கத்துல சேத்துக்கல.

மண்டபம் வாசி:
அக்கா பவளக்கல்லு மட்டும் வேணாம். வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல மொதப் பட்டியல்ல இருக்கு, செத்து வெள்ளையா கெடந்தாலும் எடுக்கக்கூடாது, ஏர்போர்ட்ல புடிச்சா அந்தப் பிள்ளைக்கு தான் வம்பு. லைம் பக்கத்துலயே சார்மத்னு ஒரு கரை இருக்கு, பாறைய ஒடைக்காம கீழ உதுந்து கெடக்குற அம்மோனைட்டுங்கிற புதைபடிவத்த பொறுக்கிக்கலாம், சுருள் சுருளா நத்தை மாதிரி இருக்கும். மேரி வித்ததே அதத்தானே, அதுல ஒண்ணு வச்சா போதும்.

பாம்பன்காரி:
ரொம்ப நன்றி தம்பிங்களா. கல்ல சாயங்காலமே கரைல போட்டுட்டு வந்துட்டேன். அந்த மூணு பிள்ளைங்களுக்குப் பேரே போடலன்னு படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு, எங்க அப்பத்தா சாகுறவரைக்கும் அந்த ரெண்டு பேரையும் சொல்லிக்கிட்டே தான் இருந்துச்சு. மேரிக்கு ஒண்ணு, பிள்ளைங்களுக்கு மூணு, நாலா பொறுக்கச் சொல்லிருக்கேன்.