உதவி: லாஸ் வேகாஸ் பக்கம் ஆற்றோரம், ஏரியோரம் சைக்கிள் பயணம் (அவசரம்)

தென்றல்82
நீண்ட வார இறுதிக்கு வேகாஸ் வருகிறோம். கொலராடோ ஆற்றோரமாக மிதித்து மீட் ஏரியையும் பார்க்கிற மாதிரி ஒரு பாலைவனப் பயணம் வேண்டும். ரிவர் மவுண்டன்ஸ் லூப் 34 மைல், தார்ப்பாதை என்று பார்த்தேன். மிதமான தடம்தானாம். ஒரே நாளில் முடியுமா? எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள், இன்றே சைக்கிள் பதிவு செய்யணும்.

நடுமிதி
எந்த நீண்ட வார இறுதி? மே கடைசியா, செப்டம்பரா? என்ன சைக்கிள்? எத்தனை பேர்? வழக்கமாக ஒரே ஓட்டத்தில் எத்தனை மைல் போவீர்கள்? இதெல்லாம் தெரியாமல் தண்ணீர்க் கணக்கு சொல்ல முடியாது.

பழையசக்கரம்
இதே கேள்விக்கு இங்கே நான் எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன், தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. தம்பி, பெயரில் ‘ரிவர்’ இருப்பதால் ஆறு கூடவே வராது. அது மலையின் பெயர். தடம் அந்த மலையைச் சுற்றி ஹெண்டர்சன், போல்டர் சிட்டி, ஏரிக்கரை என்று வருகிறது. ஆறு ஹூவர் அணைக்குக் கீழே பிளாக் கேன்யனுக்குள் ஓடுகிறது. வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தாலே புரிந்திருக்கும்.

மலர்_ஹெண்டர்சன்
அவர் புதியவர் அண்ணா, கேட்கட்டும். தென்றல், லூப்தான் போவேன் என்றால் போல்டர் சிட்டியில் தொடங்கி நேரே ஏரிக்கு இறங்கிவிடாதீர்கள். அந்த ஊர் சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிறது, ஏரி 1,100 அடிக்கும் கீழே. காலையில் மிதிக்காமலே இறங்குவீர்கள். ஏறித் திரும்ப வேண்டிய நேரத்தில் உச்சி வெயில் இருக்கும், கால் ஓய்ந்திருக்கும். ஹெண்டர்சனில் விடியும்போதே தொடங்கி, பெரிய ஏற்றத்தைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிட வேண்டும். அப்படிப் போனாலும் கடைசிப் பகுதியில் ‘மூன்று சகோதரிகள்’ என்று அடுத்தடுத்து மூன்று செங்குத்து மேடுகள் காத்திருக்கும்.

தென்றல்82
மன்னிக்கவும். மே கடைசி. நானும் மனைவியும். வாடகை ஹைபிரிட் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்கும் பொதுவான சைக்கிள்). பூங்காவில் 10, 12 மைல் ஓட்டுவோம், அவ்வளவுதான்.

நடுமிதி
அப்படியானால் லூப் வேண்டாம். மே 15 முதல் செப்டம்பர் 30 வரை அங்கே கோல்ட்ஸ்ட்ரைக் கேன்யன் நடைபாதையை வெப்பத்துக்காகவே மூடிவைக்கிறார்கள். நீங்கள் வருவது அந்தக் காலத்தில். ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், உப்புச் சேர்த்தது கொஞ்சம் தனியாக.

மலர்_ஹெண்டர்சன்
ஆமாம். பழைய ரயில் தடத்தில் போங்கள். ஏரிப் பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்தில் தொடங்கி அணை வரை ஒரு வழிக்கு 3.7 மைல், அநேகமாகச் சமதளம், சரளை மண். ஹைபிரிட் தாராளமாகப் போகும். அணை கட்ட 1931இல் போட்ட ரயில் பாதை அது. ஐந்து குகைகள். அணைக்கான ராட்சதக் குழாய்கள் நுழைய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் 25 அடி அகலத்துக்குக் குடைந்திருக்கிறார்கள். வெயிலில் வந்து முதல் குகைக்குள் நுழைந்ததும் முகத்தில் படுகிற அந்தக் குளிர்ச்சிக்காகவே நான் மாதம் இரண்டு முறை போகிறேன். இடதுபக்கம் முழுக்க ஏரி. பாறையில் வெள்ளைப் பட்டை தெரியும், தண்ணீர் முன்பு நின்ற உயரம் அது. 2022 ஜூலையில் 1937க்குப் பிறகு இல்லாத அளவுக்கு இறங்கிவிட்டது, பார்க்கவே மனசு கனத்தது. ஆறு பார்க்க, அணைப் பக்கம் சைக்கிளைப் பூட்டிவிட்டு 2010இல் திறந்த பாலத்தில் நடந்து போங்கள். கிட்டத்தட்ட 900 அடி கீழே கொலராடோ பச்சையாக ஓடும்.

கரிசல்காட்டான்
ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆட்டுத்தலை முள். பாதை ஓரத்தில் ஒதுங்கி நிற்காதீர்கள். ஒரு காய் உடைந்தால் ஐந்து துண்டு, எல்லாவற்றிலும் ஆட்டுக் கொம்பு மாதிரி இரண்டு முள். டயரில் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றச் சொல்லுங்கள். நம் ஊர் நெருஞ்சியேதான் அது.

பழையசக்கரம்
நெருஞ்சி இல்லை. நெருஞ்சிக் காய் பெரிது, கொடி கிடையாது, செடியாக நிற்கும். தெரியாததை எழுதக் கூடாது. சீலன்டும் வேண்டாம், டயருக்குள் முள்ளைத் தடுக்கும் பட்டை வைத்தால் போதும்.

கரிசல்காட்டான்
நீங்கள் சொல்வது யானை நெருஞ்சி ஐயா, அது வேறு செடி. தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கிற சிறு நெருஞ்சியைச் சொல்கிறேன். செருப்பில்லாமல் புஞ்சையில் நடந்து வளர்ந்தவன் நான், அந்த முள்ளை எனக்குத் தெரியும். தாவரப் பெயரும் ஒன்றுதான்: ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்.

பழையசக்கரம்
படர் நெருஞ்சி என்று முதலிலேயே எழுதியிருக்கலாம். பட்டைதான் நல்லது என்பதில் மாற்றமில்லை.

நடுமிதி
வாடகைச் சைக்கிளில் இரண்டையும் நாம் முடிவு செய்ய முடியாது. ஒரு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், பம்பு கேட்டு வாங்குங்கள். பஞ்சர் ஆனால் புது டியூப் போடும் முன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். முள் நுனி உள்ளே ஒடிந்து நின்றால் துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவினால் விரலைக் கிழிக்கும்.

மலர்_ஹெண்டர்சன்
தென்றல், எந்த வழி என்று முடிவு செய்தீர்களா?

மலர்_ஹெண்டர்சன்
வார இறுதி முடிந்துவிட்டதே, நல்லபடியாகத் திரும்பினீர்களா? ஒரு வரி போடுங்கள்.

தென்றல்82
தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலைக்குத் திரும்பிவிட்டேன். ரயில் தடம்தான் போனோம். பத்து மணிக்குள் முடித்துவிட்டோம், ஆறு லிட்டரில் அரை லிட்டர் மிஞ்சியது. பாலத்தில் காற்று பலம், ஆற்றைப் பார்த்துவிட்டோம். நான்காவது குகை தாண்டி மனைவியின் பின் டயரில் முள். டியூப் மாற்றினோம், ஆனால் கடையில் கொடுத்த பம்பு வால்வில் பொருந்தவில்லை. எதிரே வந்த ஒரு பெரியவர் பம்பு கொடுத்தார். வாடகைக்கு எடுக்கும்போதே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுங்கள். எல்லாருக்கும் நன்றி.