மறு: புஜிட்டா அளவுத்திட்டத்துக்குத் தமிழ்ப் பெயர் – வலுவா, சேதமா?

அனைவருக்கும் வணக்கம்.

ரொர்னாடோவுக்கு என்ன சொல் என்று இந்த இழையில் வேண்டிய அளவு கதைத்தாயிற்று. ‘சூறாவளி’ இங்கே ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்ட சொல். வங்காள விரிகுடாவில் உருவாகி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்குச் சுழல்வதைத்தான் எங்கள் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் அப்படிச் சொல்கிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்தது அதுதான். இடிமுகிலுக்கு அடியில் தூண்போல இறங்கி, சில நிமிடங்களில் ஓர் ஊரைக் கடந்து போவதையும் அதே பெயரால் அழைத்துவிட்டு, முன்னால் ‘மினி’ போட்டுச் சமாளிக்கும் பத்திரிகை வழக்கத்தை விட்டுவிடலாம். ‘சுழல்காற்று’ என்று வைத்துக்கொண்டு, முதல் தடவை மட்டும் ரொர்னாடோ என்றும் சேர்த்து எழுதினால் போதும். (அது டொர்னாடோவா ரொர்னாடோவா என்று யாரும் இன்னொரு இழை தொடங்க வேண்டாம். தொல்காப்பியரிடம் போனால், சொல்லின் முதலில் ட-வும் வராது ர-வும் வராது என்று கோயம்புத்தூர்க்காரரையும் ரொறன்ரோக்காரரையும் சேர்த்தே வாசலில் நிறுத்திவிடுவார்.)

நான் எழுத வந்தது சுழல்காற்றுகளுக்கு எஃப்0 முதல் எஃப்5 வரை எண் கொடுக்கும் புஜிட்டா அளவுத்திட்டம் பற்றி, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பது பற்றி.

> எஃப்0 முதல் எஃப்5 வரை காற்றின் வலுவைத்தானே சொல்கிறது. ‘காற்று வலுத்தரம்’ என்றால் மாணவர்களுக்கு நேரே விளங்கும்.

விளங்கும் மாஸ்ரர், ஆனால் பிழையாக விளங்கும். அந்த எண்ணைப் போடுகிறவர் காற்றை அளப்பதில்லை. காற்று போன பிறகு வந்து, என்ன விழுந்தது, என்ன நின்றது, எது எவ்வளவு தூரம் போய்க் கிடக்கிறது என்று பார்க்கிறார். அதிலிருந்து காற்றின் வேகத்தை மதிப்பிடுகிறார். ஆகவே ‘சேதத்தரம்’ என்பதே என் முன்மொழிவு.

திட்டத்தை உருவாக்கிய வானிலை ஆய்வாளர் தெட்சுயா புஜிட்டா இந்த வேலையைப் பழகிக்கொண்டதே காற்றில் அல்ல. 1945 ஓகஸ்டில் நாகசாகியில் குண்டு விழுந்தபோது அவர் கொக்குரா அருகே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இளம் ஆசிரியர். அன்று முதல் இலக்காக இருந்தது கொக்குராதான். இலக்கு தெளிவாகத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. பிறகு அவர் நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய்ச் சேதத்தை ஆராய்ந்தார். வெடிப்புக்கு நேர் கீழே நின்ற மரங்கள் நின்றபடியே கருகியிருந்தன; தள்ளி நின்றவை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கல்லறைகளில் வைத்திருந்த மூங்கில் பூச்சாடிகளுக்குள் பதிந்த எரிந்த தழும்பைக் கொண்டு குண்டு எந்த உயரத்தில் வெடித்தது என்று கணக்குப் போட்டார். சிக்காக்கோப் பல்கலைக்கழகத்துக்குப் போனது 1953இல். தன் அளவுத்திட்டத்தை வெளியிட்டது 1971இல். 1974 ஏப்ரல் 3, 4 ஆகிய இரண்டு நாட்களில் அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 148 சுழல்காற்றுகள் இறங்கியபோது, விமானத்தில் இருந்து அவர் பார்த்ததும் மரங்கள் விழுந்து கிடந்த விதத்தைத்தான்.

காற்றின் வேகம் இந்தத் திட்டத்தில் எவ்வளவு தளர்வாக ஒட்டியிருக்கிறது என்பதற்கு 2007ஆம் ஆண்டு நடந்ததே போதும். அந்த ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கா திருத்திய வடிவத்துக்கு, அதாவது ஈஎஃப் திட்டத்துக்கு மாறியது. பழைய எஃப்5 மணிக்கு சுமார் 420 கிலோமீற்றரில் தொடங்கியது. வீடு பெயர்ந்து போக அவ்வளவு காற்றுத் தேவையில்லை என்று பொறியியலாளர்கள் காட்டினார்கள். புதிய ஈஎஃப்5 சுமார் 322இல் தொடங்குகிறது. உறுதியாகக் கட்டிய வீடு அத்திவாரத்தில் இருந்து துடைத்தெடுக்கப்பட்டால் 5 என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். பக்கத்தில் எழுதிய வேகம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் இறங்கிவிட்டது. இறங்கிப்போன ஒன்றைப் பெயராக வைப்பது நல்லதா?

அடுத்தது எல் ரெனோ. 2013 மே 31, ஒக்லஹோமா. 4.2 கிலோமீற்றர் அகலம். இதுவரை பதிவானவற்றில் அதுதான் ஆக அகலமானது. நடமாடும் ராடார் மணிக்கு 480 கிலோமீற்றருக்கு மேல் காட்டியது. இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். சுழல்காற்று ஆய்வாளர் ரிம் சமாராஸும் அவருடைய மகனும் அதில் அடக்கம். முதலில் 3 கொடுத்தார்கள், ராடார் அளவைப் பார்த்து 5 ஆக உயர்த்தினார்கள், பிறகு மறுபடி 3 ஆகக் குறைத்தார்கள். காரணம், அது பெரும்பாலும் வெறும் வயல்வெளியில் ஓடியது. 5 என்று சொல்ல அங்கே விழுவதற்கு எதுவும் இல்லை. ‘காற்று வலுத்தரம் 3’ என்று எழுதினால் அது பொய். ‘சேதத்தரம் 3’ என்றால் உண்மை.

இதற்கு மறுபக்கம் ஜரல், ரெக்சாஸ், 1997 மே 27. அந்தக் காற்று மிக மெதுவாக நகர்ந்தது. ஒரே குடியிருப்பின் மேல் நின்று அரைத்தது என்றே சொல்லலாம். 27 பேர் இறந்தார்கள். சீமெந்துத் தளத்தைத் தவிர வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை, வீதியின் தாரே உரிந்து போனது. எஃப்5. அதில் காற்றின் வேகத்துக்கு எவ்வளவு பங்கு, நேரத்துக்கு எவ்வளவு பங்கு என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது.

> சேதம் வடசொல். ‘அழிவுத்தரம்’ அழகாக இருக்கிறதே?

அழகுதான் அக்கா. ஆனால் அழிவு என்றால் வாசிக்கிறவர் ஆட்களைத்தான் நினைப்பார், அதுவும் எங்கள் ஊரில். இந்த எண் இறந்தவர்களைக் கணக்கெடுப்பதில்லை. உலகில் ஆக அதிக உயிர்களைக் கொண்டுபோன சுழல்காற்றாகச் சொல்லப்படுவது அமெரிக்காவில் வீசியதல்ல. பங்களாதேஷின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில், டௌலத்பூர், சட்டூரியா பக்கம், 1989 ஏப்ரல் 26இல் வீசியது. சுமார் 1,300 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தார்கள். தகரக் கூரையும் பலவீனமான சுவரும் குறைந்த காற்றுக்கே விழுந்துவிடும். விழுந்ததற்கு மேல் விழ முடியாது. ஆகவே இப்படியான ஊர்களில் எண் மேலே ஏறாது, சாவு ஏறும். அழிவையும் தரத்தையும் ஒரே சொல்லில் கட்டினால் அந்த 1,300 பேர் சின்னத் தரத்துக்குள் போய்விடுவார்கள்.

வடசொல் பற்றி: ‘சிதைவு’ எனக்கும் சம்மதமே. ஆனால் காற்றடித்த மறுநாள் விதானையார் (கிராம அலுவலர்) வந்து எழுதிக்கொண்டு போவது ‘பகுதியளவில் சேதம்’, ‘முழுமையாகச் சேதம்’ என்றுதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிக்கையும் அதே பாணி. ஆகவே இரண்டு படியுள்ள ஒரு சேதத்தரம் எங்களிடம் ஏற்கெனவே புழங்குகிறது. புஜிட்டா அதை ஆறு படியாக்கினார் என்று மாணவனுக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வான்.

இதோடு சேர்த்து வைக்க வேண்டியவை: ஆய்வாளர் பார்க்கும் ஒவ்வொரு பொருளும் ‘சேதக்காட்டி’ (இரசாயனவியலில் காட்டி என்கிறோமே, அதே காட்டி). ஒவ்வொரு காட்டியிலும் எவ்வளவு என்பது ‘சேதப்படி’. காற்று நிலத்தில் விட்டுப்போகும் கோடு ‘சேதத்தடம்’. ஆக நீண்ட தடம் 1925 மார்ச் 18இல் மிசூரி, இலினோய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களுக்குக் குறுக்கே போனது: 352 கிலோமீற்றர், மூன்றரை மணித்தியாலம், 695 உயிர்கள். மர்பிஸ்பரோ என்ற ஒரே நகரத்தில் மட்டும் 234 பேர். அந்தக் காலத்தில் அமெரிக்க வானிலைப் பணியகம் தன் முன்னறிவிப்புகளில் ரொர்னாடோ என்ற சொல்லைப் பாவிப்பதில்லை, சனம் பதறும் என்று. கலைச்சொல் வேலை வீண்வேலை என்று சொல்கிற நண்பர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

– கொக்குவிலில் இருந்து

---

தம்பி, ‘சேதத்தரம்’ எனக்கும் சரியாகப் படுகிறது. ஒரு சந்தேகம். ஈஎஃப் திட்டத்தில் 28 காட்டிகள் உண்டு. எல்லாம் அமெரிக்க வீடு, அமெரிக்கக் கட்டடம், அமெரிக்க மரம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சுழல்காற்று இறங்கினால் எதைப் பார்த்து எண் போடுவது? பனை அந்தப் பட்டியலில் இல்லை, கிடுகு வேலியும் இல்லை. எண்ணே போட முடியாத இடத்துக்குச் சொல் மட்டும் எதற்கு?

– ரொறன்ரோவில் இருந்து

---

அக்கா, பட்டியல் கல்லில் வெட்டியது அல்ல. ஜப்பான் 2016இல் தனக்கென்று ஒரு வடிவம் செய்துகொண்டது. அதில் தானியங்கி விற்பனைப் பெட்டியும் கல்லறைக்கல்லும் காட்டிகள். அமெரிக்காவிலேயே 2013இல் ஒக்லஹோமாவின் மூர் நகரத்தில் வீசியதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளாக ஒன்றுக்கும் 5 விழவில்லை. 2025 ஜூன் 20இல் வட டக்கோட்டாவின் என்டர்லின் அருகே வீசியதற்குத்தான் மறுபடி கொடுத்தார்கள், அதுவும் சில மாதம் கழித்து, சரக்குப் புகையிரதப் பெட்டிகள் எறியப்பட்டதை ஆராய்ந்த பிறகு. புகையிரதப் பெட்டியை வாசிக்கலாம் என்றால் பனையையும் வாசிக்கலாம்: ஓலை கிழிந்ததா, வட்டு முறிந்ததா, நடுவில் முறிந்ததா, வேரோடு சாய்ந்ததா. எந்தப் படிக்கு எவ்வளவு காற்று என்பதைப் பொறியியல்காரர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

எண் போட முடியாவிட்டாலும் தடத்தை வாசிக்கலாம். நீர்வேலியில் வாழைத்தோட்டம் ஒன்று விழுந்து கிடந்தால், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தோ ஒரு புள்ளியில் இருந்து விரிந்தோ கிடக்கிறதா, அல்லது ஒரு கோட்டின் இரு பக்கமும் உள்நோக்கித் திருகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். முன்னையது முகிலில் இருந்து குத்தென இறங்கி நிலத்தில் பரவும் காற்று. புஜிட்டா பிரித்துக் காட்டிய இன்னொரு வகை. பத்திரிகையில் ‘மினி சூறாவளி’ என்று வருவதில் இது எத்தனை என்பதைத் தோட்டத்தைத் துப்புரவாக்குவதற்கு முன்னால் படம் எடுத்தால்தான் சொல்ல முடியும்.

இறங்கிப் பரவும் அந்தக் காற்றுக்கு ‘வீழ்வளி’ என்று யோசித்து வைத்திருக்கிறேன். மாஸ்ரர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

– கொக்குவிலில் இருந்து