அப்பா போட்ட 47

(ஒவ்வொருவரும் தங்கள் சென்னைப் பேட்டையின் பெயரில் எழுதியது)

கல்மண்டபம்:
பன்னிரண்டு வருடம் ஆகிறது, அந்த இசைத்தட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். ராயபுரம், காசிமேடு பக்கம் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஆடிக் கூழ் என்றால் எங்கள் புனல் ஒலிபெருக்கியைத்தான் கட்டுவார்கள். வேறு செட்டுக்காரர் தட்டோடு கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு லேபிளிலும் சிவப்பு பெயிண்டில் எண் போடுவார். கேசட் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம்.

சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் மூர் மார்க்கெட்டுக்குத் தம்பி மகனுக்குப் புத்தகம் வாங்கப் போயிருந்தேன். ஒரு கடையில் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள் அடுக்கியிருந்தன. சும்மா ஒன்றைத் திருப்பினேன். சிவப்பில் 47. ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு. அது அப்பா கை.

கடைக்காரர் ஐந்நூறு சொன்னார். கையில் முந்நூறுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டு வந்தேன். போனபோது தட்டு இல்லை. என்ன பாட்டு என்றுகூடப் பார்க்கவில்லை, எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சினிமாக் கதை வசனத் தட்டாக இருக்கலாம். ராத்திரி முழுக்க அப்பா அதைத்தான் போடுவார்.

கொண்டித்தோப்பு:
அக்கா, வருத்தம் புரிகிறது. ஆனால் 78 என்றால் அது ராத்திரி முழுக்க ஓடிய கதை வசனமாக இருக்காது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஓடியது எல்.பி.யாக, அதாவது பிறகு வந்த நீண்ட நேரம் ஓடும் பிளாஸ்டிக் தட்டாக இருக்கும். ஒரு பக்கமே இருபது நிமிடம் வரும்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால், முள் ஓடும் பள்ளம் போகிற போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். லேபிள் நனையக் கூடாது. எல்.பி. முள்ளை 78-ல் வைக்காதீர்கள், பள்ளம் அகலம் என்பதால் முள் அடியில் போய் உட்கார்ந்து இரைச்சல்தான் கேட்கும். சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டியின் இரும்பு முள்ளை எல்.பி.யில் வைத்தால் அந்த எல்.பி.யே போய்விடும். இரும்பு முள்ளைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்ற வேண்டும். படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிற்க வையுங்கள். மொட்டை மாடி அறையில் வேண்டவே வேண்டாம், வெயிலுக்கு எல்.பி. வளைந்துவிடும்.

ஸ்பிரிட் விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தாத்தாவின், நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா தட்டை நான்தான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். கிட்டப்பா 1933-ல் போய்விட்டார், தட்டில்தான் நமக்கு அவர் குரல். பஞ்சு கறுப்பாகிவிட்டது. தாத்தா திட்டவில்லை. பஞ்சைக் கையில் வாங்கி வெகு நேரம் வைத்திருந்தார்.

பெரம்பூர்:
எங்கள் வீட்டில் கிராமபோன் கிடையாது. பக்கத்து ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் எல்.பி. இரண்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தார். ஒரு தடவைகூடக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பிளேயர் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் போட மனசு வரவில்லை.

வியாசர்பாடி:
2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். தட்டுகள் தப்பித்தன, உறையும் லேபிளும் ஊறி உரிந்துவிட்டன. எது எந்தப் பாட்டு என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டு வருவதற்கு முன்னால் கேட்கும் கரகரப்பை வைத்தே சொன்னார். முப்பதுக்கு மேல், ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசித் தட்டில் மட்டும் பேசாமல் இருந்தார். பாட்டு தொடங்கிய பிறகும் அவருக்குத் தெரியவில்லை. அது அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. உள்ளேயிருந்து அம்மா அடுத்த வரியைப் பாடினார். நாற்பது வருடமாக அந்தத் தட்டை யாரும் எடுத்துப் போட்டதே இல்லை. அப்பா என்னைப் பார்க்காமல், "மறுபடி போடு" என்றார்.

கல்மண்டபம்:
கொண்டித்தோப்புத் தம்பி, எல்.பி.யோ 78-ஓ, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். யாரிடமாவது சிவப்பு 47 இருந்தால் லேபிளைப் பார்த்துச் சொல்லுங்கள். தட்டைத் தர வேண்டாம். என்ன பாட்டு என்று தெரிந்தால் போதும்.