பெரிய ஸ்விம்பெய்ட் வீச எந்தப் பின்னல் நூல்?

கேள்வி:
கலிஃபோர்னியாவின் கஸ்டேய்க் ஏரியில் பாஸ் மீனுக்காக எட்டு அங்குல டிரவுட் ஸ்விம்பெய்ட் (டிரவுட் மீன் வடிவச் செயற்கை இரை) வீசுகிறேன். எடை ஏறத்தாழ 140 கிராம். ரீலில் 50 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் (பல இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நூல்). நேற்று வீசியபோது நூல் பாதியில் இறுகி, பட்டென்று அறுந்து, ஸ்விம்பெய்ட் மட்டும் தனியே பறந்துவிட்டது. 65 போடலாமா, 80 போடலாமா?

பதில்:
80 போடுங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். அதன் தடிமன் சுமார் 0.43 மி.மீ., அதாவது 18 பவுண்டு தங்கூசியின் (ஒற்றை இழை நைலான் நூல்) பருமன்தான். 65-க்கும் அதற்கும் மயிரிழை வித்தியாசம், தூரம் குறையாது. மெல்லிய நூல் இழுவையில் கீழ்ச்சுற்றுகளுக்குள் புதைந்துவிடும். அடுத்த வீச்சில் அந்த இடத்திலேயே நிற்கும். பறக்கிற எடை முழுவதும் நூலில் விழும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். சுற்றும்போது ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். அடியில் சில சுற்று தங்கூசி அவசியம். இல்லையென்றால் நூல் மொத்தமும் ரீலின் உருளையில் (ஸ்பூல்) வழுக்கும்.

இன்னொருவர்:
தெளிந்த நீரில் பின்னல் நூல் மீன் கண்ணுக்குத் தெரியாதா?

பதில்:
தெரியும். முன்னால் 25 பவுண்டு ஃப்ளூரோகார்பன் (நீரில் எளிதில் தெரியாத ஒற்றை இழை நூல்) இணைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சு மெலிதாக இருப்பதால் தூண்டில் கம்பின் வளையங்களில் தட்டாமல் போகும். பின்னல் நூல் நீளாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். டிராகை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீல் பிடிமானம்) சற்றுத் தளர்த்தி வையுங்கள். கரையருகே மீன் தலையை உதறும்போது, இறுக்கமான டிராக் கொக்கி குத்திய துளையைக் கிழித்துவிடும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. எட்டு இழையா, நான்கு இழையா?

பதில்:
பாறை அதிகமென்றால் நான்கு. மற்றபடி எட்டு, வளையங்களில் சத்தமின்றி ஓடும்.